ஊதா நிறக் குரல்

கடை முதலாளி சமுத்திரம் பால்கோவா சட்டிக்குள் தலைகுப்புறக் கிடந்தார்!

செத்துப் போயிருந்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூரே கூடி அழுதது. மறுநாள் கடை திறந்தது... கூட்டம் இரட்டிப்பு!

“கொன்னது மாஸ்டர் தங்கப்பாண்டியன்தான் சார்!” என்று அடித்துச் சொன்னார் ராஜரத்தினம். ராஜபாளையத்துக்காரர். கடையில் பங்குதாரர்.

“கண்ணால பாத்தியளா?” என்றார் இன்ஸ்பெக்டர் சேதுபதி.

“காதால பாத்தேன்! குரல் கேட்டா எனக்குக் கலர் தெரியும். பிறவி வரம் சார்! பூட்டின கதவுக்கு உள்ள கேட்டது ஊதா. தங்கப்பாண்டியன் குரலும் ஊதா!”

“ஊதாவா...?” சேதுபதி முகம் சுளித்தார்.

டி.வி.க்காரர்கள் சுளிக்கவில்லை. ‘ஊதாக் கொலையாளி!’ என்று அலறினார்கள். மேலதிகாரி போனில் அலறினார். தங்கப்பாண்டியன் ஜெயிலுக்குப் போனார். அவர் மனைவி வெங்கடேஸ்வரி ஸ்டேஷன் வாசலே கதியென்று கிடந்தாள்.

சேதுபதி பொறுக்கமாட்டாமல் மதுரைக்குப் போன் போட்டார். ஆராய்ச்சியாளர் நாஜியா லேப்டாப்போடு வந்தாள்.

விதவிதமான குரல்களை ஓடவிட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்து ராஜரத்தினம் திரையில் நிறம் நிறமாகத் தொட்டார்.

“பாஸாம்மா?”

“பொறவு சொல்றேன்.” போய்விட்டாள்!

ஆடி பிறந்தது. நாஜியா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். அதே நாற்காலி. அதே குரல்கள்.

அன்று பச்சை... இன்று ரோஸ்!

அன்று மஞ்சள்... இன்று நீலம்!

“நிஜமாவே கலர் தெரியறவங்களுக்கு எப்பக் கேட்டாலும் அநேகமா அதே கலர்தான் வரும் சார். இவருக்குக் கூட்டணி மாதிரி மாறுதே!”

சேதுபதி ஜன்னலைப் பார்த்தார். எதிரே ஜவுளிக்கடை. ஆடித் தள்ளுபடிக்குப் பொம்மைகளுக்கெல்லாம் சேலை மாற்றியிருந்தார்கள்!

“ஏலே! பொம்மை சேலையப் பாத்தா கலர் சொன்ன? எதுக்குலே பொய்? உள்ள இருந்தது நீதான?”

ராஜரத்தினத்துக்கு வியர்த்துக் கொட்டியது.

“கடைய வித்துருவோம்னேன்... சம்மதிக்கல... பிடிச்சுத் தள்ளிட்டேன் சார்!”

கையில் விலங்கு ஏறியது. வாசலில் வெங்கடேஸ்வரி கையெடுத்துக் கும்பிட்டாள்.

“எனக்கு மொதல்லயே சந்தேகம்மா,” என்று சிரித்தார் சேதுபதி. “தங்கப்பாண்டியன் குரல் ஊதாவாம்ல! அது வெல்லப்பாகு கலருன்னு காது இருக்கிற எல்லாருக்கும் தெரியுமே!”

வெங்கடேஸ்வரி கும்பிட்ட கையை இறக்கினாள்.

“சார்... எங்க யாருக்கும் தெரியாதே...!”

“விளையாடாதம்மா. எல்லாருக்கும் தெரியறதுதான?”

நாஜியா லேப்டாப்பை மறுபடி திறந்தாள். “உக்காருங்க சார். ஆடி முடிஞ்ச பொறவும் வருவேன்.”

ஏட்டு முத்துவீரன் மெல்ல நெருங்கினார். “ஐயா... என் குரல் என்ன கலரு?”

“லீவு கேக்கும்போது மட்டும் சிக்னல் செவப்புலே!”