சண்டைக்கு முந்தின இடம்

கடல்சுவரின் வாசலில் காத்திருப்பவர்கள் முதலில் வாய் திறக்கக் கூடாது. உள்ளே வேலைக்குப் போனவர் பாதியில் விட்ட பேச்சை முடிக்கட்டும் என்று பொறுத்திருப்பார்கள். அன்று மாலையும் ஒரு பெண் வெளியே வந்ததும் கணவனிடம், "உப்பு போட்டாச்சு, திரும்பவும் போட்டுறாதீங்க" என்றாள்.

"அந்தக் கொழம்பு போன வாரமே தீந்துட்டு தாயி."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். லூர்து சிரிக்கவில்லை. சாவு வீட்டிலிருந்து நேராக வந்திருந்தார்.

தூத்துக்குடியைக் கடல் விழுங்காமல் காப்பது அந்தச் சுவர். அதை நடத்தும் இயங்குதளத்துக்கு மனித மனம் தேவைப்பட்டது. மனம் உள்மட்டத்துக்குள் நுழையும்போது, நம் நினைவடுக்கின் உச்சியைக் காட்டும் அடுக்குச்சுட்டியை, அந்த ஸ்டாக் பாயிண்டரை, இயங்குதளம் எடுத்துத் தன் அடுக்கின்மேல் வைத்துக்கொள்ளும். நம் நினைவுகள் விட்ட இடத்திலேயே கிடக்கும். வேலை முடிந்ததும் சுட்டி அதே இடத்துக்குத் திரும்பும். உள்ளே கழிந்த நாட்கள் நமக்கு இல்லவே இல்லை. கோபமாகப் போனவர் கோபமாகவே வருவார். வீட்டிலிருப்பவருக்குத்தான், பாவம், எல்லாம் எப்போதோ ஆறிப் போயிருக்கும்.

லூர்துவின் மனைவி ஜெசிந்தா உள்ளே போன அன்று, வாசல்வரை அண்ணனோடு போனில் சண்டை போட்டபடி வந்தாள். அம்மாவை யார் வைத்துக்கொள்வது என்று சண்டை. "நீ செத்தாலும் உன் வீட்டுப் படி மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, போனைக் கணவரிடம் திணித்துவிட்டுப் போனாள். மறுநாளே அண்ணன் ஞானப்பிரகாசத்துக்கு மாரடைப்பு. உள்ளே இருப்பவரை நடுவில் எழுப்ப முடியாது. அவள் இல்லாமலே அடக்கம் முடிந்தது.

வாசல் பொறுப்பாளர் ரெபெக்கா லூர்துவைத் தனியே அழைத்தாள்.

"அண்ணாச்சி, ஒரு வழி இருக்கு. கருவழைப்புன்னு ஒண்ணு, உள்மட்டத்துல மட்டும் இயங்குதளத்துக்குக் குடுக்கக்கூடிய கட்டளை. அக்காவோட சுட்டிய கொஞ்சம் கீழ எறக்கி வச்சிரலாம். சண்டைக்கு முந்தின எடத்துல வந்து நிப்பாங்க."

"அதுக்கு மேல இருக்கது?"

"அது மேலயே புதுசு எழுதிரும். திரும்பக் கெடைக்காது."

"அவள கேக்காமலா?"

"உள்ள இருக்கவங்கள எப்படிக் கேக்க? நீங்கதான் சொல்லணும். அக்கா வெளிய வர்ற முறை வந்துட்டு."

அழுதும் அலைந்தும் லூர்துவுக்கு யோசிக்கத் தெம்பில்லை. 'நீ செத்தாலும்' என்ற சொல் அவள் நாக்கில் இருக்கும்போதே அவளிடம் சாவைச் சொல்ல முடியாது என்று மட்டும் தெரிந்தது.

"எறக்கிருங்க."

ஜெசிந்தா வந்தாள். "ஒரு காப்பி குடிச்சிட்டுப் போவோமா? நேரம் இருக்குல்லா?" என்றவள், சுற்றிலும் பார்த்துத் திகைத்தாள். லூர்து அவள் கையைப் பிடித்து உட்காரவைத்துச் சொன்னார்.

வெகுநேரம் அழுதாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"நான் காப்பிக் கடைக்கு வெளியல்லா நின்னேன். சுட்டிய எறக்குனீங்களா?"

அவர் தலையசைத்தார்.

"எடுத்ததுல எங்கண்ணன் இருந்தானா?"

"போன் போட்டான்."

"என்ன பேசுனான்?"

"நல்லாத்தான் பேசுனான், ஜெசி. ரெண்டு பேரும் நல்லாத்தான் பேசுனீங்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள். கோபமில்லை அதில்.

"நல்லாப் பேசியிருந்தா, எதுக்குங்க எடுத்தீங்க?"