ஒரு விரற்கடைத் திறப்பு

காலை 6.10. பரளச்சிக்குக் கிழக்கேயுள்ள சிறு கண்மாயின் மடையில் இரும்புப் பலகை சரிந்து கிடந்தது. நீர் வீணே பாய்ந்துகொண்டிருந்தது. மணல் மூட்டைகளால் அடைப்பதற்குள் பாதி நீர் போயிற்று.

10.00. அருப்புக்கோட்டையிலிருந்து உதவி ஆய்வாளர் சுபத்ரா வந்தார். மடைக்குப் பொறுப்பான நீர்பாய்ச்சி இருளப்பசாமியை ஊரார் சூழ்ந்து நின்றனர். அவரிடமிருந்து பறித்த ஸ்பேனர் பாசனச் சங்கத் தலைவர் ஜெகதீஸ்வரன் கையில் இருந்தது.

“இவந்தான் மேடம் நட்டைக் கழத்துனது. மச்சினன் வயலுக்குத் தண்ணி ஏறலைன்னு நேத்துச் சண்டை போட்டான். ஸ்டேசனுக்குக் கொண்டு போங்க.”

“நாலு நாளா மடை நடுங்குதுன்னு சொன்னேன். யாரு கேட்டா?” என்றார் இருளப்பசாமி.

மடைச் சுவரோரம் துணி துவைத்துக்கொண்டிருந்த மூக்கம்மாள் நிமிர்ந்தாள். “நெசந்தான் தாயி. செவுத்துல வச்ச சோப்பு டப்பா தானா நடந்து தண்ணிக்குள்ள விழுந்துச்சு. எம்புருசன்கூட அம்புட்டு வேகமா நடந்ததில்ல!”

“மடை திறந்த அன்னைக்கே நடுங்குச்சா?” என்று கேட்டார் சுபத்ரா.

“இல்ல தாயி. அன்னைக்கு ஒரு சாண் தெறந்தாக. சத்தமே இல்ல. நாலு நாளைக்கு முந்தித்தான் கொறச்சாக.”

“குறைக்கச் சொன்னது யாரு?”

“நாந்தான்,” என்றார் ஜெகதீஸ்வரன். “ஒரு விரக்கடைதான்னு கண்டிசன் போட்டேன். தண்ணிய மிச்சம் பண்ண வேணாமா?”

பலகையைத் தாங்கும் சட்டத்தின் நான்கு நட்டுகளுள் மூன்று சேற்றில் கிடந்தன. நான்காவது, பழைய குங்குமப் பொட்டுடன் போல்ட்டு மரையின் நுனியில் தொங்கிற்று. சுபத்ரா அதனருகே நெடுநேரம் குனிந்திருந்தார். பின்னர்ப் பலகையைப் பொருத்தி நட்டுகளை முடுக்கச் செய்தார். மூக்கம்மாளைக்கொண்டு, நட்டிலும் சட்டத்திலும் பாதிப்பாதி படியுமாறு ஒவ்வொன்றிற்கும் புதுப்பொட்டு இடுவித்தார்.

12.40. மணல் மூட்டைகள் அகற்றப்பட்டு, மடை ஒரு விரற்கடை திறக்கப்பெற்றது. முதலில் அமைதி. பின்னர்ப் பாதங்களின் கீழ் ஒரு முனகல் எழுந்தது. சுவர்மேலிருந்த குடத்து நீரில் வட்டத்துள் வட்டமாய் அலைகள் பூத்தன.

1.05. யார் கையும் படாமலேயே ஒரு பொட்டு இரண்டாகப் பிரிந்தது. நட்டு திரும்பியிருந்தது.

“ஆத்தாடி!” என்று மூக்கம்மாள் கைகூப்பினாள்.

“மடை திறப்பன்னைக்கு நட்டுக்கெல்லாம் பொட்டு வச்சீங்க,” என்றார் சுபத்ரா. “ஸ்பேனர் பட்டிருந்தா அழிஞ்சிருக்கும். தொங்குன நட்டுல பொட்டு அழியல. இதே மாதிரி பிரிஞ்சுதான் இருந்துச்சு. சின்ன இடுக்குல பாயுற தண்ணி பலகையை உதறுது. பலகை ஆட ஆட இடுக்கு சுருங்கி விரியுது. தண்ணி இன்னும் உதறுது. நட்டைக் கழத்துனது தண்ணி. அதுக்குக் கை கொடுத்தது நீங்க போட்ட ஒரு விரக்கடை.”

மடை ஒரு சாண் உயர்ந்தது. முனகல் அடங்கிற்று. குடத்து நீரில் வானம் அசையாது நின்றது.

ஜெகதீஸ்வரன் இருளப்பசாமியிடம் ஸ்பேனரை நீட்டினார்.

“எம்புட்டுத் தெறக்கணும், எப்ப மூடணும்னு இனி நீங்களே சொல்லுங்கண்ணே.”