முப்பத்திரண்டு போதும்

307-ஆம் அறையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது...

எடுக்க வேண்டியவர் கட்டிலில்தான் இருந்தார். தலையணை மட்டும் தலைக்கு அடியில் இல்லை.

முகத்தின் மேல் இருந்தது!

கதவைத் திறந்து பார்த்தவள் ஹவுஸ்கீப்பிங் அக்கா. இருபது வருஷமாக இந்த ஹோட்டலில் படுக்கை விரிப்பவள். அலறக்கூட அவளுக்குத் தெம்பில்லை. காலையிலிருந்து பதினோரு அறை முடித்திருந்தாள். ட்ராலியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

செத்தவர் டூர்காரர்.

மாநாட்டுக்கு வந்த முப்பத்திரண்டு விருந்தாளிகளைக் கூட்டி வருவதும் ஊர் சுற்றிக் காட்டுவதும் அவர் வேலை. மேடை, மைக், பூ, யார் எத்தனை மணிக்கு எங்கே, எத்தனை பேருக்குச் சாப்பாடு என்பதெல்லாம் ஈவென்ட்காரர் பாடு. படுக்கையும் சாப்பாடும் ஹோட்டல். பத்து வருஷமாக ஆட்டோவின் மூன்று சக்கரம் மாதிரி ஓடினார்கள். ஒன்று கழன்றால் மற்ற இரண்டும் படுத்துவிடும்.

இன்று காலை ஏழு மணிக்கு விருந்தாளிகளோடும் ஹோட்டல் கட்டிக்கொடுத்த சாப்பாட்டுப் பார்சல்களோடும் பஸ் கிளம்பியது. டூர்காரரின் முன் சீட்டு காலி. பின்னால் காரில் வருவார் என்று கைடு நினைத்துக்கொண்டான். பதினோரு மணி வரை வராததால் அறைக்குப் போன் போட்டான். அந்தப் போன்தான் இது.

மத்தியானம் இன்ஸ்பெக்டர் வந்தார். இரண்டு நாளாகத் தூங்காத மனிதர். லாபி சோபாவில் விழுந்தார்.

"காலையில அஞ்சே முக்காலுக்கு, எல்லா ரூமையும் தொறக்கிற மாஸ்டர் கார்டு போட்டுக் கதவைத் திறந்திருக்குன்னு கம்ப்யூட்டர் சொல்லுது. மாஸ்டர் கார்டு உங்ககிட்டதானேம்மா?"

துணி அறை ஆணியில் மாட்டிவிட்டுப் போவேன், ஆறரைக்குத்தான் வருவேன் என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். எடுபடவில்லை. நேற்றுச் சாயங்காலம் அழுக்கு டவலுக்காக டூர்காரர் அவளைத் திட்ட, அவளும் நாலு வார்த்தை திருப்பிவிட்டிருந்தாள். மாடியே கேட்டிருந்தது.

பக்கத்தில் ஈவென்ட்காரர் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டிருந்தார்.

"அஞ்சு மணியிலேர்ந்து ஹால்லயே நின்னேன் சார். அவன் பஸ்ல போயிட்டான்னுதான் நெனச்சேன். இப்ப நீங்க சொல்லித்தான் தெரியும்."

இன்ஸ்பெக்டர் கொட்டாவியோடு எழுந்தார். "கிளம்பலாமாம்மா?"

அக்கா அழவில்லை.

"வர்றேன் சார். வழியில எங்க வீட்டுல ரெண்டு நிமிஷம் நிறுத்துங்க. மாமியார் படுத்த படுக்கை. ரெண்டு மணி மாத்திரையை நான்தான் குடுக்கணும். என்னை உள்ள வெச்சுட்டா, யாரு குடுப்பா?"

இன்ஸ்பெக்டர் வாட்ச்சைப் பார்த்தார். முகம் வாடியிருந்தது. அதைப் பார்த்ததும் இருபது வருஷப் பழக்கம் அவளை விடவில்லை. சமையல் மாஸ்டரைக் கூப்பிட்டாள்.

"தம்பி, சார் பட்டினி போல. ஆள் ஏறினாத்தானே பஸ்ல பார்சல் ஏறும்? டூர்காரர் பங்கு ஒண்ணு மீந்திருக்குமே, கொண்டு வா."

மாஸ்டர் தலையைச் சொறிந்தான்.

"மிஞ்சலக்கா. கைடு, டிரைவர் போக, டூர்காரரோட சேர்த்து முப்பத்திமூணுன்னுதான் நேத்து சொன்னாங்க. காலையில ஆறு மணிக்கு ஈவென்ட் சார் போன் பண்ணி, 'முப்பத்திரண்டு போதும், ஒண்ணு வீணாப் போயிடும்'னாரு. அப்படியே கட்டிட்டேன்."

அக்கா மெல்ல நிமிர்ந்தாள்.

"சார்... விருந்தாளிங்க முப்பத்திரண்டு பேரும் பஸ்ல போயாச்சு. டூர்காரரும் போயிட்டார்னு இவரு நெனச்சாராம். அப்ப, ஆறு மணிக்கே யாரோட பார்சலைக் குறைச்சாரு?"

கைக்குட்டை அந்தரத்தில் நின்றது!

இன்ஸ்பெக்டர் மறுபடி உட்கார்ந்தார். இந்தத் தடவை தூக்கக் கலக்கம் இல்லை.

அதற்குப் பிறகு எல்லாம் தானாக வந்தது. அடுத்த மாநாட்டை ஈவென்ட்காரரைக் கழற்றிவிட்டு, ஹோட்டலோடு நேரே பேசி முடித்துவிட்டார் டூர்காரர். ஆணியில் தொங்கிய கார்டு... தலையணை... கார்டு மறுபடி ஆணிக்கு.

"பார்சலை ஏன்யா குறைச்சே?"

"பழக்கம் சார்," என்றார் ஈவென்ட்காரர், தரையைப் பார்த்து. "தலை ஒண்ணு குறைஞ்சா, கை தானா சமையலறைக்குப் போன் போட்டுடுது."

ஜீப்பில் பின்னால் அவரை ஏற்றினார்கள். முன் சீட்டைக் காட்டி, "ஏறுங்கம்மா, மாத்திரைக்கு நேரமாச்சு, வீட்டுல விட்டுடறேன்," என்றார் இன்ஸ்பெக்டர். பிறகு ஸ்டேஷனுக்குப் போன் போட்டார்.

"லாக்கப்புக்கு ஒரு ஆள் வர்றாரு. சாப்பாடு ஒண்ணு கூட்டிச் சொல்லு... குறைக்கணும்னா அவரே போன் பண்ணுவாரு."