கைபேசிக்குள் இருந்த அப்பா

அன்று கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்தான்: வெளிநாட்டிலிருந்து அப்போதுதான் வந்திறங்கிய அப்பா, அம்மா, பெட்டிகளைத் தூக்கி வந்த சித்தப்பா, பக்கத்து வீட்டுத் தையல்கார அத்தை, வாயாடி என்று எல்லோரும் கூப்பிடும் மூத்த மகள், உருண்டை என்கிற அவள் தம்பி. வேறு யாராவது தாங்களும் இருந்ததாகச் சொன்னால் நம்ப வேண்டாம்.

அப்பா கப்பல் கட்டும் இடத்தில் வெல்டர். உருண்டை பிறப்பதற்கு முன்பே போனவர். அவர் உழைப்பில்தான் இந்த வீடு எழும்பியது. ஆனால் விளக்கைப் போட நினைத்து அவர் ஸ்விட்சைத் தட்டியபோது மின்விசிறி சுற்றியது.

"அது இல்லப்பா, அடுத்தது," என்றாள் வாயாடி. ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது அவளுக்கு. சொந்த வீட்டில் விருந்தாளி போல நின்றார் அப்பா.

பிறகு அவர் இரு கைகளையும் நீட்டினார். "வாடா என் ராஜா!"

உருண்டை அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தான்.

"இவருதான்டா அப்பா, கண்ணு. போ," என்றாள் அம்மா.

"இது அப்பா இல்ல! அப்பா இங்க இருக்காரு!" அம்மாவின் கைபேசியை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதான்.

"பெத்த புள்ளைக்கே அடையாளம் தெரியல பாரேன்!" என்றார் தையல்கார அத்தை.

நீட்டிய கைகள் மெல்ல இறங்கின.

"சும்மா தூக்கிக் குடுங்க அண்ணி, சரியாயிடும்," என்றார் சித்தப்பா.

"வேணாம் சித்தப்பா, இன்னும் பயந்துடுவான்." வாயாடி அப்பாவின் காதருகே போனாள். "அப்பா, சமையலறைக்குப் போய் எப்பவும் போல வீடியோ கால் பண்ணுங்க."

"வீட்டுக்குள்ளேயேவா?"

"ஆமா. அங்க இருக்கிற நீலத் தண்ணி டிரம் பின்னால தெரியற மாதிரி நில்லுங்க."

கைபேசி மணியடித்தது. உருண்டையின் அழுகை பட்டென்று நின்றது. "அப்பா!" வழக்கம்போல் திரைக்கு ஒரு முத்தம்.

"எனக்குப் பின்னால என்ன இருக்கு, சொல்லு?"

"டிரம்மு... நம்ம வீட்டு டிரம்மு!"

கைபேசியோடு ஓடினான். சமையலறை வாசலில் நின்று திரையைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். கையை ஆட்டினான். இரண்டு அப்பாக்களும் கையை ஆட்டினார்கள்.

கைபேசியைத் தரையில் வைத்துவிட்டு அருகே போய் அவர் முழங்காலைத் தொட்டான்.

"அக்கா! அப்பா பெருசா இருக்காரு!"

அப்பா அவனைத் தூக்கினார். "இவ்வளவு கனமாடா நீ?" என்றார். அவனுக்குப் பல் முளைத்ததை, அவன் நடை பழகியதை எல்லாம் திரையில் பார்த்தவர்தான். தூக்கியது மட்டும் இதுவே முதல் தடவை.

பிள்ளை ஒட்டாததால் மனம் கசந்து அப்பா விடுப்பு முடியும் முன்பே கிளம்பிவிட்டார் என்று தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். விடுப்பு முடிந்தது, போனார். கிளம்பும்போது உருண்டை அவர் கழுத்தை விடவே இல்லை. அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டவள் வாயாடிதான்.