வெட்டிய வயரில் எரிந்த விளக்கு

சாவி பிரேக்காரரின் சட்டைப்பையில் இருந்தது. எஞ்சின் காலையிலிருந்து ஓடவே இல்லை. ஆனாலும் டாஷ்போர்டில் பிரேக் கோளாறைக் காட்டும் அந்தச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வட்டத்துக்குள் ஓர் ஆச்சரியக்குறி. பட்டப்பகல் இரண்டு மணி வெயிலிலும் அது கண்ணாடி வழியே நன்றாகத் தெரிந்தது.

"எங்கேயோ ஷார்ட் ஆகுது, சனியன்" என்று வாய்விட்டுச் சொன்னார். சொன்னது தனக்குத் தைரியம் வரட்டும் என்றுதான்.

அந்தச் சரிவான ஊரில் யார் வண்டி பிரேக் பிடிக்காமல் போனாலும் "பிரேக்காரர்கிட்ட போ" என்றுதான் சொல்வார்கள். வீட்டை ஒட்டியே பட்டறை, நடுவில் ஆள் இறங்கி நின்று வேலை பார்க்கும் குழி. பெடல் முனகும் சத்தத்தை வைத்தே எந்தச் சக்கரத்தில் கோளாறு என்று சொல்லிவிடுகிற காது அவருக்கு. அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அந்தத் தலைக்கனத்தை மூன்று நாளாக இந்த நீலக் கார் தரையில் போட்டு மிதித்துக்கொண்டிருந்தது.

மைத்துனன் எங்கோ பிடித்து வந்த பழைய வண்டி. "நீலம் பாருங்க மாமா, எவ்ளோ பளபளன்னு இருக்கு!" என்று வந்த அன்றே குதித்தான். வீட்டில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது, பாப்பாவுக்கு ரொம்பவே. ஒன்பது வயது மகள், பின் சீட்டை விட்டு இறங்கவே மாட்டேன் என்றாள். இன்று நாலு மணிக்கு அவளையும் அவள் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு மைத்துனன் சரிவிறங்கி உறவுக்காரர் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. அதற்குள் விளக்கு அணைய வேண்டும்.

பார்க்காதது ஒன்றும் பாக்கியில்லை. பிரேக் ஆயில் டப்பா நிறைந்திருந்தது. பிரேக் பேட் புதுசு. குழாயில் கசிவில்லை. ஹேண்ட் பிரேக் ஸ்விட்சைக் கழற்றியே வைத்துவிட்டார். கம்ப்யூட்டரை மாட்டினால் 'கோளாறு இல்லை' என்று அது சத்தியம் செய்தது. ஓட்டிப் பார்த்தாலோ, பெடலை மிதித்து நிற்கும்போது அது தானாகவே மெல்லக் கீழே இறங்கியது, அவர் காலின் மேல் இன்னொரு கால் ஏறி நிற்பதுபோல. பின் சீட்டில் ஆளே இல்லாதபோது பெல்ட் போடச் சொல்லி மணியும் அடித்தது.

கடைசி முயற்சியாகப் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு ஆயில் டப்பாவின் அடியில் விரலை விட்டுத் துழாவினார். ஆயில் குறைந்தால் விளக்கை எரிய வைக்கும் வயர் அங்கேதான் போகும். விரலில் தட்டியதை வெளியே இழுத்தார்.

பச்சை டேப். மூன்று சுற்று. அதன்மேல் மெழுகு நூலால் ஒரு முடிச்சு.

ஊரில் இன்னும் பத்து மெக்கானிக் இருக்கலாம். டேப்பின்மேல் நூல் கட்டுகிற கிறுக்கன் அவர் ஒருவர்தான். பிரித்தார். வயர் வெட்டப்பட்டு, முனை மடக்கப்பட்டிருந்தது. அவர் கைவேலை.

வெட்டுப்பட்ட முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

இரண்டு வருஷம் முந்தி. ஒரு வெள்ளைக் கார். அப்பா, அம்மா, பின் சீட்டில் இரண்டு குழந்தைகள். விளக்கு எரிகிறது, அவசரமாகப் போக வேண்டும் என்றார்கள். பட்டறையில் அன்று கூட்டம். குனிந்துகூடப் பார்க்காமல், "சென்சார் கோளாறு சார், ஒண்ணுமில்ல. விளக்கை அணைச்சு விடறேன், திரும்பி வரும்போது பார்த்துக்கலாம்" என்று வயரை வெட்டிவிட்டார். அவசரக்காரர்களுக்கு எப்போதும் செய்கிறதுதான். சின்னது ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "லைட்டு எங்க போச்சு, அங்கிள்?" என்றது. "தூங்கப் போச்சு" என்று சிரித்தார்.

அவர்கள் திரும்பி வரவில்லை. முதல் வளைவில் ஒரு வண்டி கீழே பள்ளத்தில் போய்விட்டது என்று சாயங்காலம் பேசிக்கொண்டார்கள். அவர் போய்ப் பார்க்கவில்லை. ஊரில் வெள்ளைக் கார் ஆயிரம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு சாப்பிட்டார், படுத்தார், தூங்கவும் செய்தார்.

கதவு விளிம்பை நகத்தால் சுரண்டினார். நீலத்துக்குக் கீழே வெள்ளை.

தலையைத் தூக்கிப் பார்த்தார். பேட்டரி தரையில் கிடந்தது. வயர் வெட்டுப்பட்டுக் கிடந்தது. எரிய வழியே இல்லாத விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஓடியிருக்கலாம். ஆனால் அவருக்குத் தெரிந்தது வேலை ஒன்றுதான். அன்று பார்க்காததை இன்று ஒழுங்காகப் பார்த்துவிட்டால் போதும் என்று புத்தி பிதற்றியது. வயரை ஒட்டவைத்தார். பேட்டரியை மாட்டினார், சாவியை வண்டியில் செருகி வைத்தார். குழாயில் காற்று இருக்கும், அதை எடுத்துவிட்டால் சரியாகிவிடும். அது இரண்டு ஆள் வேலை. ஒருவர் மேலே பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் கீழே சக்கரத்துக்கு உள்பக்கமுள்ள நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறந்து காற்றை வெளியேற்றி மூட வேண்டும். வழக்கமாக மனைவிதான் மிதிப்பாள்.

"இந்தா, ஒரு நிமிஷம் வந்து பெடலை மிதி!" என்று வீட்டுப் பக்கம் குரல் கொடுத்துவிட்டுக் குழிக்குள் இறங்கினார்.

கதவு திறந்தது. சீட் கிறீச்சிட்டது. கதவு சாத்திக்கொண்டது.

"மிதி!"

பெடல் மூன்று முறை முனகியது.

"பிடிச்சாச்சு."

பின் இடது சக்கரம். ஸ்பேனரைத் திருப்பினார். ரப்பர் குழாயில் குமிழ்கள் ஓடின. மூடினார். "விடு" என்றார். குழிக்குள் ஈர மண் வாசனையும் பிரேக் ஆயிலின் இனிப்பு கலந்த நெடியும் அடைந்து கிடந்தன.

"மிதி!"

"பிடிச்சாச்சு."

குரல் கொஞ்சம் மெலிதாக இருந்தது. சளி பிடித்திருக்கும். மறுபடி நிப்பிளைத் திறந்தார். வந்த ஆயில் கருப்பாக இருந்தது.

அடுத்த முறை அவர் வாயைத் திறப்பதற்குள்ளேயே பெடல் முனகியது.

"பிடிச்சாச்சு."

அப்போது குழியின் விளிம்பில் இரண்டு செருப்புகள் வந்து நின்றன. மனைவியின் செருப்புகள். அவள் குனிந்து பார்த்தாள். கையில் சோப்பு நுரை.

"என்னங்க, கூப்பிட்டீங்களா? பாத்திரம் கழுவிட்டு இருந்தேன். இப்ப வந்து மிதிக்கவா?"

அவர் ஸ்பேனருக்குள் நிப்பிள் இன்னும் திறந்தே இருந்தது.

தலைக்கு மேலே சீட் மெல்லக் கிறீச்சிட்டது. பெடல் இறங்கியது.

"லைட்டு எங்க போச்சு, அங்கிள்?"

சட்டென்று பின்வாங்கினார். திறந்த நிப்பிளிலிருந்து குழாய் பிடுங்கிக்கொள்ள, ஆயில் சீறி இரண்டு கண்ணிலும் அடித்தது. எரிச்சல். இருட்டு. கத்தினார். மனைவி கையைப் பிடித்து மேலே இழுத்து, வீட்டுக் குழாயடிக்குக் கொண்டுபோய்த் தலையைத் தண்ணீரில் அழுத்தினாள்.

"கண்ணைத் தேய்க்காதீங்க! நல்லாத் திறங்க!"

"வண்டியை... யாரும்..."

"பேசாதீங்க, தண்ணி வாய்க்குள்ள போகுது."

தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே மைத்துனனின் உற்சாகக் குரல் கேட்டது. "மாமா, விளக்கு அணைஞ்சிடுச்சு! பாப்பாவை வச்சு ஒரு ரவுண்டு பார்த்துட்டு வந்துடறேன்!"

விளக்கு அணைந்தால் வண்டி ரெடி, என்னை வந்து கேட்காதே. பட்டறை வண்டிகளை எடுத்து ஓட்டிப் பார்க்கிற அவனுக்கு அதைப் பத்து வருஷமாகச் சொல்லிக்கொடுத்தவர் அவரேதான்.

எஞ்சின் உறுமியது.

மனைவியைத் தள்ளிவிட்டு ஓடினார். பாதிப் பார்வை. பட்டறை காலி. குழி விளிம்பில் ஆயில் தேங்கியிருந்தது. பின் இடது பக்கம். பின் வலது பக்கம். முன்னால் இரண்டு பக்கமும்.

அவர் திறந்தது ஒன்றுதான்.

"நிறுத்துடா! டேய், நிறுத்து!"

கார் வாசலைத் தாண்டிச் சரிவில் இறங்கிவிட்டிருந்தது. பின்கண்ணாடியில் பாப்பா திரும்பி உட்கார்ந்து கையாட்டினாள். அவளுக்கு இந்தப் பக்கம் ஒரு சின்னத் தலை. அந்தப் பக்கம் ஒன்று. அவையும் திரும்பி அவரைப் பார்த்தன.

பின்னால் ஓடி வந்த மனைவி மூச்சிரைக்கக் கேட்டாள். "யாருங்க அந்தப் பிள்ளைங்க?"

முதல் வளைவு. பிரேக் விளக்குகள் எரிந்தன. அணைந்தன. எரிந்தன. அணைந்தன. எரிந்தன. வண்டியின் வேகம் குறையவில்லை.

காலிக் குழிக்குள்ளிருந்து, அந்தச் சிவப்பு ஒவ்வொரு முறை எரிந்தபோதும், அவருக்குக் கேட்டது.

"பிடிச்சாச்சு."

"பிடிச்சாச்சு."

"பிடிச்சாச்சு."