ஒழுகாத கார்

காருக்கு அடியில் ஈரமே இல்லை. சாஜிதா முட்டி போட்டுக் குனிந்து பார்த்துவிட்டாள். சிமெண்டுத் தரை காய்ந்து கிடந்தது. நேற்று ரேடியேட்டரில் விளிம்பு வரை ஊற்றிய தண்ணீரில் பாதியைக் காணோம். நின்ற வண்டியில் தண்ணீர் எப்படிக் குறையும்? இருபது வருஷத்துக் கிழட்டுக் கார், அதுக்கும் தாகம் எடுக்கும்போல என்று முனகிக்கொண்டே மறுபடி ஊற்றினாள். வாய்க்கால் தண்ணீர்தான். மேட்டூர் அணை திறந்து கொல்லையிலேயே தண்ணீர் ஓடும்போது, கடையில் போய் கூலண்ட் வாங்க நீடாமங்கலம் பக்கம் எந்தப் பைத்தியம் இருக்கு?

முன் சீட்டில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் ஜெகபர் அலி, கேனையே பார்த்துக்கொண்டிருந்தார். "வண்டிக்கு இவ்வளவு ஊத்துறியே புள்ள, எனக்கு ஒரு மடக்கு குடேன்."

"என்னங்க நீங்க, தெரிஞ்சே கேக்குறீங்களே!"

துபாயில் லாரி ஓட்டிய மனுஷன், கிட்னி ரெண்டும் போய்த் திரும்பி வந்தார். மன்னார்குடியில் டயாலிசிஸ் செய்துதான் உயிர் ஓடுகிறது. உடம்பில் தண்ணீர் கூடினால் நுரையீரலில் கோத்துக்கும், மூச்சு முட்டிப் போய்விடுவார் என்று டாக்டர் மூஞ்சிக்கு நேரே சொல்லிவிட்டார். அதனால் அவள் தண்ணீரை அளந்துதான் கொடுத்தாள். அப்படியும் போன தடவை நர்ஸ் எரிந்து விழுந்தாள்: "எடை இப்படி ஏறியிருக்கு, திருட்டுத்தனமா தண்ணி குடுத்தீங்களா?" அல்லா மேல் சத்தியம் செய்தும் அந்தப் பெண் நம்பவில்லை. தனியாகக் குழாயடிக்குக்கூட நடக்க முடியாதவருக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? சாஜிதாவுக்கு ஒரே குழப்பம்.

அன்று சாயங்கால டயாலிசிஸ் முறைக்குக் கிளம்பினார்கள். பாதி வழியில் சூட்டு முள் சிவப்புக்கு ஏறியது. அவள் வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்திவிட்டு பானட்டைத் தூக்கினாள். நடவு முடிந்த வயலிலிருந்து சேற்று வாடை அடித்தது. வாய்க்கால் தண்ணீர் மதகில் விழும் சத்தமும், அதுக்குள்ளே தவளைகளின் கத்தலும், எங்கேயோ தூரத்தில் பாங்கு சொல்வதும் ஒன்றாய்க் கலந்து, இருட்டிக்கொண்டு வந்த ரோட்டில் இவளைத் தவிர வேறு ஆளே இல்லை என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தன. சூடு ஆறட்டும் என்று காத்திருந்தவள், மெக்கானிக் இளையபெருமாளுக்குப் போன் போட்டாள்.

"ஹெட் கேஸ்கட்டா இருக்கும்க்கா. எஞ்சினுக்கு நடுவுல இருக்குற தகடு. அது போச்சுன்னா தண்ணி வெளிய ஒழுகாது, உள்ளயே போயிரும். ஆயில் குச்சிய உருவிப் பாருங்க, டீ நிறத்துல இருக்கா?"

"கறுப்பாத்தான் இருக்கு தம்பி."

"வரும்போது பின்னாடி வெள்ளப் புகை?"

"இல்லவே இல்ல."

"அப்ப துணி வச்சு ரேடியேட்டர் மூடியத் தொறங்க. நெறயத் தண்ணி ஊத்திட்டு, குமிழ் வருதான்னு பாருங்க."

ஊற்றினாள். டார்ச் வெளிச்சத்தில் ஒரு குமிழ் மெதுவாக மேலே வந்து உடைந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. "வருது தம்பி."

"கேஸ்கட்டேதான். எஞ்சின ஆஃப் பண்ணிருங்க."

"நான் இன்னும் ஸ்டார்ட்டே பண்ணலையே."

"எஞ்சின் ஓடாம குமிழ் வராதேக்கா," என்றான். அவன் குரல் மாறியிருந்தது. "நான் பைக்க எடுத்துட்டு வர்றேன். நீங்க குறையக் குறைய ஊத்திட்டே இருங்க."

அவள் ஊற்றினாள். கேன் தீர்ந்தது. வாய்க்காலில் இறங்கி நிரப்பிக்கொண்டு வந்து ஊற்றினாள். ரேடியேட்டர் மடக் மடக்கென்று வாங்கிக்கொண்டது. இவ்வளவு தண்ணீர் இதுக்குள் கொள்ளவே கொள்ளாது.

தூக்கிய பானட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. அதன் வழியே அவரைப் பார்த்தாள்.

கண் மூடியிருந்தது. வாயும் மூடியிருந்தது. தொண்டை மட்டும் ஏறி இறங்கியது.

ஊற்றுவதை நிறுத்தினாள். தொண்டை நின்றது. அவர் நெஞ்சு தாழ்ந்து மூச்சு விட்டது. ரேடியேட்டரில் ஒரு குமிழ்.

மறுபடி ஒரு சொட்டு. தொண்டை அசைந்தது.

யா அல்லாஹ். தினமும் நான்தானே ஊற்றினேன்! நானே ஊற்றிக் கொல்கிறேனே!

கேனைத் தூக்கி வாய்க்காலில் எறிந்தாள். ஓடிப் போய்க் கதவைத் திறந்தாள். சட்டைப் பொத்தான்கள் தெறித்திருந்தன. முகம் பளபளவென்று வீங்கி, கண்கள் இடுங்கிக் கிடந்தன. கையைத் தொட்டாள். விரல் உள்ளே அமுங்கிய குழி அப்படியே நின்றது.

"என்னங்க... இனி ஊத்தல. ஒரு சொட்டு ஊத்த மாட்டேன். என்னப் பாருங்க."

இடுங்கிய கண் திறந்தது. அவளைப் பார்த்தது. ஆசையாகப் பார்த்தது.

"இன்னும் கொஞ்சம் புள்ள."

தொண்டை மறுபடி அசைந்தது.

யாரும் ஊற்றவில்லை. ரேடியேட்டர் காலி. கேனும் இல்லை. அப்படியும் அவர் விழுங்கினார்.

அழுகை வெடித்தது. கண்ணில் தண்ணீர் வரவில்லை. கத்த வாயைத் திறந்தாள். நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. உதடு பிளந்தது; ரத்தம்கூட வரவில்லை. அவர் கைமேல் இருந்த தன் கையைப் பார்த்தாள். தோல் சுருங்கி எலும்போடு ஒட்டிக்கொண்டிருந்தது.

மடக்.

கையை இழுத்தாள். வீங்கிய விரல்கள் அதைப் பிடித்திருந்தன.

மடக்.