ஆளில்லாப் பாலத்தின் பாரம்

முள் பூஜ்யத்தில் இல்லை.

பிரபாவதி டார்ச்சை நெருக்கிப் பிடித்து மறுபடி பார்த்தாள். மார்கழி மாதத்துக் காலை ஆறரை மணிப் பனி கால்வாய்த் தண்ணீரை மூடிக் கிடந்தது. நிலக்கரிப் புகையும் ஈரச் சிமென்டும் கலந்த வாசனை தொண்டையில் கசந்தது. பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து இறைத்துவிட்ட தண்ணீர் பாலத்தின் தூண்களை உரசிக்கொண்டு, யாரோ வாய்க்குள் பேசுவதுபோல ஓடிக்கொண்டிருந்தது. அவள் நின்ற சாரத்தின் மேல், பாலத்தின் அடிவயிற்றைத் தொட்டபடி அந்த வட்டமான கருவி இருந்தது. பாரம் ஏறினால் பாலம் எவ்வளவு தாழ்கிறது என்று காட்டுவது மட்டுமே அதன் வேலை. இரண்டு நாளாக மணல் மூட்டைகளை அடுக்கிச் சோதித்திருந்தார்கள். நேற்று மாலை கடைசி மூட்டையும் இறங்கியபின் முள் பூஜ்யத்துக்குத் திரும்பியதை அவளே பார்த்துக் குறித்துக்கொண்டாள்.

இப்போது மூன்று மில்லிமீட்டர்.

"மருதமுத்து அண்ணே, மேல ஏதாவது ஏத்தி வச்சீங்களா?"

கரையில் நின்றிருந்த சூப்பர்வைசர் மஃப்ளரைத் தளர்த்தினார். "இல்லீங்க மேடம். நேத்து ராத்திரி ரெண்டு பக்கத்து கேட்டையும் பூட்டிகினுதான் மந்தாரக்குப்பம் வூட்டுக்குப் போனேன். சாவி எங்கிட்டதான் கெடக்குது."

கல்லூரியின் வகுப்பறைகளுக்கும் விடுதிக்கும் நடுவே ஓடிய கால்வாயைக் கடக்க ஒரு நடைபாலம் போதும் என்றுதான் நிர்வாகம் கேட்டது. பிரபாவதிதான் அதன் நடுப்பகுதியை அகலமாக்கி, மரப்பலகை வேய்ந்த ஐந்து வரிசைப் படிகள் வைத்தாள். பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிடட்டும், சண்டை போடட்டும், பாடட்டும். படித்த காலத்தில் மூன்று வருடம் மாடிப்படிக்குப் பின்னால் தனியாக டிபன் டப்பாவைத் திறந்தவள் அவள். யாருக்கும் உட்கார இடமில்லாமல் போகக்கூடாது என்று நினைத்து வரைந்த பாலம் இது. இன்று பத்து மணிக்குத் திறப்பு விழா.

கருவிதான் பழுதாகியிருக்கும் என்று நினைத்தாள். பையிலிருந்த புதியதை மாட்டி, முள்ளைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

தலைக்கு மேல் ஒரு பலகை முனகியது.

முள் துளி நகர்ந்தது. நின்றது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு பலகை; இன்னொரு துளி. வெயிலிலோ குளிரிலோ இரும்பு இப்படி அசையாது. அது மெதுவாக, ஒரே சீராக நகரும். இது விட்டுவிட்டு அசைந்தது. ஒருவர் வந்து உட்கார்வதுபோல. அப்புறம் அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர்.

அவளுக்கு அந்தக் கணக்கு மனப்பாடம். முதல் கருவி காட்டிய மூன்று மில்லிமீட்டர் என்றால் நாற்பது பேர்.

சாரத்திலிருந்து இறங்கினாள். "அண்ணே, திறப்பு விழாவை நிறுத்தணும். பசங்களை இதுமேல ஏத்தக்கூடாது."

"இன்னாங்க மேடம் இப்பிடி சொல்றீங்க? எம் பொண்ணு அன்புக்கரசி இங்கதான் படிக்குது. மொத ஆளா உக்காருவேன்னு ஒரு வாரமா சொல்லிகினு இருக்குது." அவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். "இருங்க, நானே ஏறி நின்னு காட்டறேன். ஒண்ணும் ஆவாது."

"வேணாம்ணே. இருங்க!"

கேட் கிறீச்சிட்டது. பனி அவரை விழுங்கிக்கொண்டது.

காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. முதலில் நேராக. பிறகு தயங்கி. ஓரடி இடப்பக்கம், ஓரடி வலப்பக்கம். நெரிசலில் நுழைபவரைப்போல வளைந்து வளைந்து.

"கொஞ்சம் காலை மடக்கிக்குங்க..." மருதமுத்துவின் குரல். பணிவான குரல். "ஆங், போதும் போதும்."

பிரபாவதி கேட்டை நோக்கி ஓரடி வைத்தாள்.

"அண்ணே? யார்கிட்ட பேசறீங்க?"

காலடிச் சத்தம் நின்றது. தண்ணீர்ச் சத்தம்கூட நின்றுபோனதுபோல இருந்தது.

ஓடிவிடலாம். ஆனால் அந்த மனிதரை மேலே விட்டுவிட்டா? கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறினாள். கம்பி ஈரமாக இருந்தது. கதகதப்பாகவும் இருந்தது. வெகுநேரம் பல கைகள் பிடித்திருந்ததுபோல. கேட்டைத் தாண்டினாள். பத்தடி. இருபதடி. பனியில் வியர்வை வாடை. பலருடைய வியர்வை.

படிகள் தெரிந்தன.

ஐந்து வரிசையும் காலி. மூன்றாவது வரிசையின் நடுவில் மட்டும் மருதமுத்து. இரண்டு தோள்களும் உள்ளே ஒடுங்கியிருந்தன. கைகள் முழங்கால்களுக்கு நடுவே செருகியிருந்தன. முப்பதடி நீளப் பலகையில், ஆள் நிறைந்த பஸ் சீட்டில் நசுங்கியவரைப்போல உட்கார்ந்திருந்தார். இடப்பக்கத்து வெறுமையிடம் எதற்கோ சிரித்து முடித்துவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"வாங்க மேடம். ஒங்களுக்குத்தான் எல்லாரும் காத்துகினு இருக்காங்க."

அவர் சற்று நகர்ந்தார். அவருக்கு அப்பால் பலகைகள் ஒவ்வொன்றாக முனகின. வரிசையின் கடைசிவரை.

அவருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவு இடைவெளி.

மருதமுத்து அதில் உள்ளங்கையால் தட்டினார். உட்காருங்க என்பதுபோல.

தட்டும் சத்தம் ஐந்து வரிசைகளிலிருந்தும் கேட்டது.